இரண்டு மெகாபிக்சல் போதும்

மோட்டாரைத் திறந்து
காயிலில் சுற்றிய செம்பை மட்டும் உருவிக்கொண்டு
மூடியைத் திரும்ப மூடிவிட்டுப் போயிருந்தான்.
அந்த மரியாதைதான் எத்திராஜுக்குப் பொறுக்கவில்லை.
‘நம்மைத் தெரிந்தவன்’ என்றார்.
மஸ்கட்டிலிருந்து அவர் தம்பி
அன்றைக்கே பணம் போட்டான்.
கேமரா மாட்டினால் அங்கிருந்தே
எங்கள் வாசலைப் பார்க்கலாமாம்.
நேரில் வந்து பார்த்து ஆறு வருஷம் ஆகிறது.

தேர்ந்தெடுக்க என்னை அனுப்பினார்கள்.
திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில்
ஒன்பது வருஷமாகப்
பதினாறு கட்டங்களைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள்.
எனக்குத் தெரியும்,
நான் பார்த்துக்கொண்டிருக்கையில் எதுவும் நடந்ததில்லை.
பூனை நடக்கும். லாரி திரும்பும்.
மழை விட்டதும் ஈசல் வந்து லென்ஸில் மோதும்.
ஏழாம் கட்டத்தில் வாட்ச்மேன் தணிகாசலம்
யாரும் இல்லையென்று நினைத்து
செல்போனை வெறித்தபடி அழுவார்.
மற்றதெல்லாம் பிறகுதான்,
காணாமல் போனதற்குப் பிறகு,
தேதியும் நேரமும் போட்டு.

டி.எச். ரோட்டுக் கடையில் அஸ்மத்
பெட்டி பெட்டியாக இறக்கினார்.
உருண்டையா, நீட்டா?
இரண்டா, ஐந்தா, எட்டு மெகாபிக்சலா?
எட்டு என்றால் மூக்குத்திக் கல்லை எண்ணலாம்.
இரும்பு உடம்பு வேண்டாம்க்கா,
உப்புக்காத்து ஆறு மாசத்தில் தின்னுடும்.
எண்ணூர்க் கரி கண்ணாடியில் படியும்,
வாரம் ஒருதரம் துடைக்கணும்.
டி.வி.ஆர் பெட்டியைப் பரண்மேல வைங்க,
வெள்ளம் வந்தா முதல்ல போறது சாட்சிதான்.
ராத்திரியும் கலரில் தெரிவது
தொள்ளாயிரம் அதிகம்.
பேச்சும் பதிவாவது
அதற்கு மேல் நானூறு.
‘உங்களுக்கு என்னதான் தெரியணும்?’ என்றார் கடைசியில்.

எங்கள் சந்து நாலரை அடி.
எங்கள் வாசலைப் பார்க்கிற எதுவும்
பியூலா வீட்டு வாசலையும் பார்க்கும்.
அவள் தலை துவட்டுவது அங்கேதான்.
புருஷனை வைவது,
வட்டிக்காரனிடம் வீட்டில் ஆளில்லை என்பது.
அவள் மகன் ரூபன்
பன்னிரண்டு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவது.
போன மாசம் வேறேதோ கேஸில்
இரண்டு நாள் அவனைக் கூட்டிப்போய் வைத்திருந்தார்கள்.
திரும்பி வந்தவன் இடது கையால் சாப்பிட்டான்.
ரோந்து வந்த போலீஸ்காரர்
வண்டியை நிறுத்தாமலே சொன்னார்:
‘கேமராவா, நல்லதும்மா.
கொஞ்சம் எதிர்ப்பக்கமும் திருப்பி வையுங்க.’

இரண்டு மெகாபிக்சல் போதும் என்றேன்.
கலர் வேண்டாம். பேச்சு வேண்டாம்.
அஸ்மத் முகம் சுண்டிப்போனது.
மாட்ட வந்த பையன் ஏணியில் நின்று
‘இன்னும் மேலயாக்கா?’ என்றான்.
கீழே, இன்னும் கீழே என்றேன்.

இப்போது எங்கள் திரையில்
மோட்டார் மூடி, இரண்டு குடம், செருப்புகள்.
கணுக்காலுக்கு மேல் யாருக்கும் உடம்பு கிடையாது.
மஸ்கட்காரன் போனில் கத்தினான்:
‘இதுக்கா பணம் அனுப்பினேன்,
அண்ணன் மூஞ்சிகூடத் தெரியல.’
பிறகு அவனும் பழகிவிட்டான்.
‘அண்ணன் காலில் என்ன வீக்கம்?’ என்று
போன வாரம் கேட்டான்.
நாங்கள் கவனித்திருக்கவில்லை.

பதினோராம் தேதி, இரவு இரண்டு பத்து.
இரண்டு கால்கள் வந்து
மோட்டார் அருகே நின்றன.
புதிதாகக் காயில் கட்டிய மோட்டார்.
நான்கு நிமிஷம் நின்றன.
ஒரு குடம் சாய்ந்திருந்தது,
அதைப் பாதத்தால் நிமிர்த்திவிட்டு
எதிர்ப்பக்கமாகக் கட்டத்தைவிட்டு வெளியேறின.
வலது செருப்பின் அறுந்த வாரை
ஏதோ கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது.
செம்பு என்று சொல்ல முடியாது.
ராத்திரியில் எங்கள் கேமராவுக்கு
எல்லாக் கம்பியும் சாம்பல் நிறம்.

எத்திராஜிடம் சொல்லவில்லை.
பதினைந்து நாளில்
பழையதன்மேல் புதியது ஏறிக்கொள்ளும்.
இன்றோடு பன்னிரண்டு.

விடியற்காலை தண்ணீர் வந்தது.
மோட்டாரைப் போட்டேன்.
பியூலா வீட்டுப் படியில் ஒரு ஜோடி கழற்றிக் கிடந்தது,
அந்தப் பக்கம் பார்க்காமல்
முந்தானையால் லென்ஸைத் துடைத்தேன்.
ஒரு வாரக் கரி
துணியில் வந்தது.